ஆரஞ்சு இல்லாத அந்தி

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் தூரிகை பிடிக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்,

உங்களில் பாதிப் பேருக்கு நான் பழைய டிராயிங் வாத்தியார். மீதிப் பேருக்கு, சாயங்கால வேளையில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பட்டறை வாசலில் நின்று வேலையைப் பார்க்கும் பெரியவர். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்திருக்கிறீர்கள், டீ வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் பீஸ் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது நான் நின்று பேசினால் உங்கள் கூலிதான் குறையும். இதை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வைத்து நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் ஒரு பட்டறையில் பூச்சாடிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே கடல். தண்ணீரில் பாதி முழுகிய ஆரஞ்சுச் சூரியன், அதிலிருந்து கரை வரைக்கும் ஒரு தங்கப் பாதை, இடப்பக்கம் சாய்ந்து நிற்கும் இரண்டு தென்னை, நடுவில் ஒரு பாய்மரப் படகு, மேலே டிக் அடித்த மாதிரி ஐந்து பறவைகள். கை சுத்தமாக இருந்தது. ஓரிடத்தில்கூட வர்ணம் வழியவில்லை. தீட்டிய தங்கையிடம், "இது எந்த ஊர்க் கடல்மா?" என்று கேட்டேன். "காலண்டர்ல இருந்துச்சு சார். நான் கடல் பார்த்ததில்ல" என்றார்.

அந்தப் பதில் அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. அவரைக் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை. வாரத்தில் ஆறு நாள் பட்டறை, ஏழாவது நாள் துணி துவைக்கவும் ரேஷன் கடைக்கும் சரியாகப் போய்விடும். பார்க்காததைப் படத்தைப் பார்த்து வரைவதும் தப்பில்லை. நானும் பனிமலையை அப்படித்தான் கற்றுக்கொண்டேன். என்னை உறுத்தியது வேறு. நம் மாவட்டத்துக்குச் சுமார் 57 கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறது. அந்தக் கரையில் அப்படி ஒரு சூரியன் மறைந்ததே இல்லை.

யோசித்துப் பாருங்கள். நம் கடல் கிழக்கே இருக்கிறது. தேவனாம்பட்டினத்திலும் சாமியார்பேட்டையிலும் பரங்கிப்பேட்டையிலும் சூரியன் கடலிலிருந்து எழும், கடலில் இறங்காது. சாயங்காலத்தில் அது கரையில் நிற்பவர் முதுகுக்குப் பின்னால், நெய்வேலிக்கும் விருத்தாசலத்துக்கும் மேலே இறங்கும். காலண்டரில் இருப்பது கோவாவோ கேரளமோ, வேறு நாடோ. அந்த ஊருக்கு அது உண்மை. நாம் அதை வாங்கி நம் மண்ணில் சுட்டு, நம் ஊர்ப் பெயரைப் போட்டு விற்கும்போது, நம்முடைய அந்தி யார் கண்ணுக்கும் படாமல் போய்விடுகிறது.

நம் அந்தி எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மாசி, பங்குனியில் நாலு மணிக்குக் கரையில் போய் நில்லுங்கள். வெளிச்சம் உங்கள் பின்னாலிருந்து வந்து கடல்மேல் பரவலாக விழும். தங்கப் பாதை எதுவும் இருக்காது, அது சூரியன் இருக்கும் பக்கத்தில்தான் விழும். தண்ணீர், அரிசி களைந்த கழுநீரில் ஒரு சொட்டுப் பச்சை விட்டது போல இருக்கும். நுரை மின்னாது; சுண்ணாம்புப் பட்டை அடித்த மாதிரி மங்கலான வெள்ளையாக வந்து அமரும். கச்சான் காற்று நிலத்திலிருந்து அடிக்கிற நாளாக இருந்தால் அலை தணிந்து, கடல் ஏரி மாதிரி கிடக்கும். முதலில் உங்கள் நிழல் நீண்டு ஈர மணலைத் தொடும். அப்புறம் பின்னாலிருக்கும் சவுக்குத் தோப்பின் நிழல் வந்து உங்கள் நிழலை மூடிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கும். அந்த நேரத்தில் கரையில் இருப்பவர்கள் தாங்களாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வதைப் பல தடவை கவனித்திருக்கிறேன்.

பின்னால் சூரியன் மறைந்ததும் திரும்பிப் பார்க்காதீர்கள். கிழக்கையே பாருங்கள். வானம் தெளிவாக இருக்கும் நாளில், கடல் விளிம்பை ஒட்டிச் சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை எழும்பும். கடலுக்கு மேல் இன்னொரு கடல் நிற்பது போலத் தெரியும். அதற்கு மேலே, துவைத்துத் துவைத்து வெளிறிய ரோஸ் சேலை மாதிரி ஒரு நிறம். அதற்கும் மேலே, பெயர் சொல்ல முடியாத வெளிர்நீலம். அந்தச் சாம்பல் நீலப் பட்டை மேகமோ மூடுபனியோ இல்லை. நாம் நிற்கும் இந்தப் பூமியின் நிழல் அது. சூரியன் மேற்கே கீழே போகப் போக, பூமி தன் நிழலைக் கிழக்கு வானத்தில் தூக்கி எழுப்புகிறது. கால் மணி நேரம். அதற்குள் ரோஸ் கரைந்து, பட்டையும் வானமும் ஒன்றாகி, கடல் எங்கே முடிகிறது என்று தேட வேண்டியதாகிவிடும்.

அமைதியான கடலோரப் படம் என்று நான் சொல்வது இந்தக் கால் மணி நேரத்தைத்தான். இதில் ஆரஞ்சுக்கு இடமே இல்லை.

நம் முன்னோர் இதை எப்போதோ பார்த்துவிட்டார்கள். தொல்காப்பியத்தில் நெய்தல் நிலத்துக்குச் சொன்ன சிறுபொழுது எற்பாடு. எல் என்றால் ஞாயிறு, பாடு என்றால் சாய்வது. பிற்பகல் என்றே பலரும் பொருள் கொள்கிறார்கள். அந்த நிலத்துக்கு உரிய உணர்வு இரங்கல். இந்தச் சொல் இன்றைக்கு நம் ஊரில் இரங்கல் கூட்டம் என்று போஸ்டரில் மட்டும்தான் மிச்சமிருக்கிறது. அன்றைக்கு அது, போனவர் வருவாரா என்று கரையில் நின்று ஏங்கும் மனசின் பெயர். மலைக்கு ஒரு மனநிலை, காட்டுக்கு ஒன்று, வயலுக்கு ஒன்று என்று பிரித்தபோது, கடற்கரைக்கு வெற்றியையும் கொடுக்கவில்லை, கொண்டாட்டத்தையும் கொடுக்கவில்லை, காத்திருப்பதைக் கொடுத்தார்கள். ஐங்குறுநூற்றில் நெய்தல் பற்றிய நூறு பாட்டையும் பாடியவர் அம்மூவனார். ஒவ்வொன்றும் சில வரிதான். ஒரு பறவை, ஒரு பூ, கொஞ்சம் தண்ணீர், அவ்வளவில் பாட்டு முடிந்துவிடும். நீங்கள் கையில் வைத்துத் தீட்டும் ஆறு அங்குல ஓட்டுக்கு அதைவிடச் சரியான அளவை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

எனக்கு இதெல்லாம் புத்தகத்திலிருந்து முதலில் வரவில்லை. என் அம்மாவின் ஊர் வெள்ளாற்று முகத்துவாரத்துக்குப் பக்கம். பள்ளி விடுமுறை முழுக்க அங்கேதான். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமி வந்தபோது நம் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் என் சின்னம்மாவின் மகனும் ஒருவன். அதன் பிறகு நான் ரொம்ப நாள் கடலை வரையவில்லை. வகுப்பில் பிள்ளைகள் கடல் வரையட்டுமா என்று கேட்டால், மலை வரையச் சொல்வேன்.

சின்னம்மா சாயங்காலம் தோறும் கரைக்குப் போவார். மணலில் காலை நீட்டி உட்கார்ந்து கிழக்கே பார்த்தபடி இருப்பார். அழமாட்டார், யாரோடும் பேசவும் மாட்டார். இருட்டியதும் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு வந்து அடுப்பு பற்றவைப்பார். ஒருநாள் இருட்டுவதற்கு முன்பே அவர் எழுந்து போன இடத்தில் நான் போய் உட்கார்ந்தேன். மணல் இன்னும் சூடாக இருந்தது. அன்றைக்குத்தான் அந்தச் சாம்பல் நீலப் பட்டையை முதல் முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். மறுநாள் நோட்டுப் புத்தகத்தில், அந்த இடத்திலிருந்து தெரியும் கடலை வரைந்தேன். அவரை வரையவில்லை. வரைந்திருந்தால் படம் அவருடைய துக்கத்தைப் பற்றியதாகியிருக்கும். பார்க்கிறவர் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அவரை விட்டுவிட்டதால், படத்தைப் பார்க்கிறவர் அவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. சின்னம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இந்த நேரந்தான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஆகவே அமைதி என்றதும் அழகான, கவலையில்லாத, சுற்றுலாப் போன மாதிரியான ஒன்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கடல் என்ன செய்யும் என்று தெரிந்தவர்தான் அதை அமைதியாக வரைய முடியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறி, உள்ளே இவ்வளவு தூரம் வந்து நம் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். தோப்பு இருந்த இடம் மறுநாள் காலையில் வெளிச்சமாகக் கிடந்ததே, ஞாபகம் இருக்கிறதா?

"நமக்கும் கடலுக்கும் என்ன சார் சம்பந்தம்? நம்மது மண்ணு ஊரு" என்று ஒரு தம்பி கேட்டார். நிறைய இருக்கிறது. நம் ஊர்க் கோயிலுக்குப் பக்கத்தில் ஓடும் மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்கிறது. வெள்ளாறு சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் போய்ப் பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. சுந்தரர் பன்னிரண்டாயிரம் பொன்னை இந்த ஆற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்று புராணம் சொல்கிறது. நீங்கள் மாலையில் தூரிகை கழுவி ஊற்றும் தண்ணீர் மழைக்காலத்தில் போய்ச் சேரும் இடம் எது என்று ஆற்றைக் கேட்டால், என் அம்மாவின் ஊரைச் சொல்லும்.

இன்னும் பின்னால் போனால், இந்த ஊரே கடல். அரியலூர், விருத்தாசலம், புதுச்சேரி என்று மூன்று இடங்களில் கிரெட்டேசியக் காலத்துக் கடல் படிவுகள் வெளியே தெரிகின்றன. 19ஆம் நூற்றாண்டிலேயே நிலவியலாளர்கள் இவற்றை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். அந்தக் காலம் முடிந்தே 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அப்போது இங்கே அலை அடித்திருக்கிறது, சிப்பி கிடந்திருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண்ணும் தண்ணீர் கொண்டுவந்து படியவைத்ததுதான். மோல்டில் நீங்கள் ஊற்றும் களிமண் கூழை விரல் நடுவில் தேய்த்துப் பாருங்கள். இவ்வளவு மெல்லிய மண்ணை ஓடுகிற தண்ணீர் கீழே போடாது. நின்றுபோன தண்ணீர்தான், ரொம்ப நிதானமாக, இதை இறக்கிவைக்கும். உங்கள் கையில் இருக்கும் வெள்ளைக்குள் ஏற்கெனவே ஓர் அமைதி இருக்கிறது. அதை மூடிவிடாதீர்கள் என்பதுதான் இந்த மடலில் நான் கேட்பது.

எப்படி வரைவது என்று கேட்பீர்கள். நான் செய்து கெடுத்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதல் ஓட்டில் எல்லாவற்றையும் போட்டேன்: படகு, வலை, தாழம்புதர், நண்டு. சூளையிலிருந்து வந்தபோது சந்தைக்கடை மாதிரி இருந்தது. இரண்டாவதில் கோபால்ட்டைக் கெட்டியாக அடித்துவிட்டேன். கோபால்ட் ஆக்ஸைடு எவ்வளவு வீரியம் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிளேஸில் நூற்றுக்கு ஒரு பங்கு கலந்தாலே அடர்நீலம் ஆகிவிடும். என் கடல் தார் மாதிரி கறுத்து வெளியே வந்தது. பிறகு ஒரு வாரம் வெறும் தண்ணீரில் கலக்கிக் கலக்கிக் கோடு போட்டுப் பழகினேன். தூரிகையைத் தோய்த்து, பழைய ஓட்டில் ஒரு இழுப்பு இழுத்து, அடியில் இருக்கும் வெள்ளை தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நல்ல ஓட்டுக்குப் போக வேண்டும். கோபால்ட்டில் துளி இரும்பு ஆக்ஸைடு சேர்த்தால் அந்தப் பளிச் நீலம் அடங்கிச் சாம்பல் சாயல் வரும். நம் கிழக்கு வானத்துப் பட்டைக்கு அதுதான் சரி. ரோஸுக்கு ஸ்டெயினை மோர் மாதிரி நீர்த்துக்கொள்ளுங்கள். கிளேஸில் ஜிங்க் இருந்தால் குரோம்-டின் ரோஸ் வெளிறிச் செத்துவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிஸ்கட் சுட்ட ஓடு தண்ணீரை உடனே குடித்துவிடும் என்பதால் இட்ட கோடு இட்டதுதான். கடல்கோட்டை ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். இது உங்களால் முடியும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் பார்த்திருக்கிறேன். ஒரு தங்கை கிருஷ்ணர் பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். நாற்பது பொம்மை ஒரு பலகையில். இடது கையால் பொம்மையின் கழுத்தைப் பிடித்து, சுண்டு விரலைக் கன்னத்தில் ஊன்றி, மூச்சை நிறுத்தி, இமைக்கோட்டை ஒரு இழுப்பில் முடித்து, அப்புறம்தான் மூச்சுவிட்டார். நாற்பது பொம்மைக்கும் எண்பது மூச்சு. அளவுகோல் வைத்து இழுத்தால் கடல்கோடு செத்துவிடுகிறது; நடுங்கினால் படம் முழுக்க நடுங்குகிறது. அந்த இமைக்கோட்டுக்குப் பிடிக்கும் மூச்சுதான் கடல்கோட்டுக்கும் வேண்டும்.

கோட்டைத் தாழ்வாக வையுங்கள். ஓட்டில் நாலில் ஒரு பங்கு தண்ணீரும் மணலும், முக்கால் பங்கு வானம். வானத்துக்கும் கடலுக்கும் நிறத்தில் அதிக வித்தியாசம் வேண்டாம். கண் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தடுக்காமல் போக வேண்டும். கறுப்பு எங்கேயும் வேண்டாம். நட்டமாக நிற்கும் பொருள் ஒன்று போதும். என் ஓட்டில், படகு கட்ட முகத்துவாரத்தில் நட்டிருக்கும் ஒரு முளைக்கம்பு மட்டும் இருக்கிறது. அதுவும் நடுவில் இல்லை, வலது ஓரம். கம்பில் நீர்க்காகம் ஒன்று உட்காரட்டும் என்று கை பரபரத்தது. தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

பிறகு கிளேஸில் முக்கினால் படம் முழுக்க மாவு போல மூடிக்கொள்ளும். வரைந்தது ஒன்றும் தெரியாது. சூளைக்குள் போய், கிளேஸ் உருகிக் கண்ணாடியான பிறகுதான் கடல் மறுபடி மேலே வரும். காகிதத்தில் வரைகிற எங்களுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. உங்களுக்கு இருக்கிறது. இரங்கலின் நிலத்தை வரைவதற்கு இதைவிடப் பொருத்தமான வழி உண்டா என்று நினைத்துக்கொள்வேன்.

வெளியூரிலும் சிலர் இதைச் செய்திருக்கிறார்கள். ஜெர்மனியில் காஸ்பர் டேவிட் பிரீட்ரிஷ் என்பவர் 1808 முதல் 1810 வரை ஒரு படத்தில் உழைத்தார். பெயர் கடலோரத் துறவி, பெர்லினில் இருக்கிறது. மணல்மேட்டில் ஒரு சின்ன ஆள், ஒரு கீற்றுக் கடல், மீதி எல்லாம் வானம். பிற்காலத்தில் வர்ணத்துக்கு அடியில் ஆராய்ந்து பார்த்தபோது, முதலில் அவர் கப்பல்களை வரைந்து பிறகு அழித்திருப்பது தெரிந்தது. எனக்கு இது பெரிய ஆறுதல். அவ்வளவு பெரிய ஓவியருக்கும் கப்பல் போடக் கை பரபரத்திருக்கிறது. நம் தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் 17ஆம் நூற்றாண்டில் வியாபாரம் செய்த டச்சுக்காரர்கள், தங்கள் நாட்டு டெல்ஃப்ட் நகரில் உங்களைப் போலவே பீங்கான் பட்டறை நடத்தினார்கள். சுமார் 13 சென்டிமீட்டர் ஓட்டில், ஊசியால் குத்திய காகிதத்தை வைத்துக் கரித்தூள் தட்டி, கப்பலும் மீனுமாக ஆயிரக்கணக்கில் கோபால்ட்டில் தீட்டித் தள்ளினார்கள். அதே காலத்தில் அங்கே பிரெடரிக் வான் பிரைட்டம் என்று ஒருவர், தட்டின் நடுவில் இயற்கைக்காட்சியை நீலத்தில் வரைந்து, விளிம்பில் ஒரு பூக்கூடப் போடாமல் வெள்ளையாக விட்டிருக்கிறார். அவருக்கும் பீஸ் கணக்கு இருந்திருக்கும், வாங்குபவரின் முகச்சுளிப்பும் இருந்திருக்கும்.

அந்த முகச்சுளிப்பை நான் பார்த்தேன். என் ஓடுகளில் நாலைந்து தேறியதும் துணியில் சுற்றி ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "என்னா சார், பாதியிலயே உட்டுட்டீங்களா?" என்றார். நான் முடித்துவிட்டேன் என்றேன். "அப்ப மேல ஒண்ணுமே இல்லியே. ஒரு சூரியனாச்சும் போட்டுக் குடுங்க, ஓடும்." அவர் கெட்டவரில்லை. வாங்குகிறவர் கொடுக்கும் காசுக்கு நிறையப் பொருள் எதிர்பார்க்கிறார், வெறும் வானத்துக்குக் காசு ஏன் என்று நினைக்கிறார். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. மேலே இருந்த அந்த ஒன்றுமில்லாததற்காகத்தான் நான் ஆறு மாதம் உழைத்திருந்தேன்.

அதனால் உங்களிடம், பூச்சாடியில் ஆரஞ்சுச் சூரியனை இன்றோடு நிறுத்துங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அது விற்கிறது, அதில் உங்கள் வீட்டு உலை கொதிக்கிறது. பிழைப்புக்கான வேலையும் மனசுக்கான வேலையும் ஒரே கையால் நடக்க முடியும். 1966ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உண்டாக்கியபோது, பாட்டிக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் நிலம் வாங்கினார்கள், சாப்பிட்டார்கள். மிச்ச நேரத்தில் வரைந்தார்கள். பணிக்கர் முதல்வராக இருந்த சென்னை ஓவியக் கல்லூரி 1850ல் தொடங்கியது. அங்கே இன்றும் செராமிக்குக்குத் தனிப் பிரிவு உண்டு. சுட்ட மண்ணில் வரைவது ஓவியத்துக்கு ஒரு படி கீழே என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். காகிதத்தில் நான் வரைந்தவை ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிட்டன. உங்கள் ஓடு உடைந்தாலும் நிறம் போகாது.

நான் கேட்பது வாரத்துக்கு ஒரு ஓடு. கழிவு என்று ஒதுக்கிய பிஸ்கட் ஓடாக இருந்தாலும் போதும். அதில் கடைக்காரர் சொன்னதை மறந்துவிட்டு, பார்த்ததை மட்டும், பார்த்த அளவுக்கு மட்டும் வரையுங்கள். நம் ஊர் செராமிக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளும் உங்களோடு சேர்ந்தால் கிளேஸ் கணக்கை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தூரிகை விஷயத்தில் அவர்கள் உங்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

பார்க்காமல் எப்படி வரைவது? அதற்கும் வழி செய்திருக்கிறேன். வருகிற மாசி மாதத்தில், மகத்துக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை, பரங்கிப்பேட்டைக்குப் போவோம். காலையில் துணி துவைத்து, சமைத்து, வீட்டு வேலையை முடித்துவிட்டே வாருங்கள். நாம் பார்க்கப்போவது சாயங்காலத்தை. பன்னிரண்டு மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். சேத்தியாத்தோப்பு வழியாகப் புவனகிரி, அங்கே வண்டி மாற வேண்டும். வழியில் ஆறும் வரும், ஜன்னல் பக்கம் உட்காருங்கள். பிள்ளைகளையும் கூட்டிவரலாம். முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம் என் சின்னம்மாவின் வீடு இருக்கிறது, டீ அங்கே. எத்தனை பேர் என்று முன்னாலேயே சொல்லுங்கள், அவருக்குப் பால் சொல்லிவைக்க வேண்டும்.

வர்ணம், தூரிகை எதுவும் வேண்டாம். முதல் நாள் சும்மா உட்கார்ந்து பார்ப்போம். சவுக்கு நிழல் தண்ணீரில் இறங்கியதும் நான் சொல்கிறேன், அப்போது எல்லோரும் கிழக்கே பாருங்கள். கடல் பார்த்ததில்லை என்று சொன்ன அந்தத் தங்கை கட்டாயம் வர வேண்டும். அவருக்குப் பஸ்ஸில் ஜன்னல் சீட் ஒன்று பிடித்து வைப்பேன்.

அன்புடன்,
உங்கள் டிராயிங் வாத்தியார்
விருத்தாசலம்